இருபது கட்டைவிரல்

"மூணு மாசம், இருபது பேரு. ஒரு நாள்கூட, ஒரு கைரேகைகூட மெஷின்ல ஏறலை. ஏம்மா, பேய்களுக்கா பாடம் நடத்துனீங்க?"

ஆய்வு அதிகாரி காளியண்ணன் இதை ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிய கோபத்தோடு கேட்டார். கொட்டச்சேடு திறன் பயிற்சி மையத்தின் ஒரே டீச்சரான ஆரோக்கியசெல்வி மெஷின் மேலிருந்த தூசியைத் தட்டினாள்.

பேய்கூட வரவில்லை என்பதுதான் உண்மை. பயிற்சியின் பெயர் 'காப்பிப் பழம் பறிப்பதில் நவீனத் திறன்'. முப்பது வருஷமாகப் பழம் பறிக்கிற பெண்களுக்குப் பழம் பறிக்கச் சொல்லித் தருகிற திட்டம். அதையும் பழம் பறிக்கிற சீசனில், பறிக்கிற நேரத்தில்தான் நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எனவே மாணவிகள் அத்தனை பேரும் பழம் பறிக்கப் போய்விட்டார்கள். டீச்சர் மட்டும் தினமும் வந்து காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. அவர்கள் வேலை செய்கிற காப்பி எஸ்டேட்டை வாங்கிய புது முதலாளி, இந்தப் பயிற்சி சர்டிபிகேட் இல்லாத யாருக்கும் அடுத்த சீசனில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். காளியண்ணன் இன்று கையெழுத்துப் போடாவிட்டால் இருபது பேர் பிழைப்பும் போய்விடும்.

"வந்தாங்க சார். தினமும் வந்தாங்க" என்றாள். "பழம் பறிச்சுப் பறிச்சு அவங்க ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுங்க. மெஷின் எடுக்கலைங்க சார்."

"இருபது பேருக்குமா?"

"இருபது பேருக்கும்ங்க."

"அப்படியா? கூப்பிடுங்க எல்லாரையும். என் கண்ணு முன்னாடி வைக்கட்டும். ஒருத்தர் ரேகை விழுந்தாலும் மொத்த சர்டிபிகேட்டையும் ரத்து பண்ணிடுவேன்."

ஆரோக்கியசெல்வி வெளியே ஓடி வேலம்மாளுக்குப் போன் போட்டாள். அந்த இருபது பேருக்கும் தலைவி மாதிரி வேலம்மாள்.

"அக்கா, தெரியாத்தனமா ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சுட்டேனுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "யாரும் வந்துராதீங்க. ஊருல ஒரு சாவுன்னு சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

மறுமுனையில் வேலம்மாள் வேறொன்றைக் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், ஆபீசரு சோறு உண்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப உண்ணச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல வந்தர்றோம்."

"வர வேண்டாம்னு சொல்றேன், அக்கா!"

போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

வரும் வழியில் ஒண்டிக்கடை ஓட்டலில் வாங்கி வந்த தக்காளிச் சோற்றைக் காளியண்ணன் முடித்துக் கை கழுவும்போது, பலாமரச் சரிவின் குறுக்குவழியில் இருபது பேரும் வரிசையாக இறங்கி வந்தார்கள். இடுப்பில் கட்டிய பழப்பையைக்கூட அவிழ்க்கவில்லை.

"பயிற்சியில என்ன கத்துக்கிட்டீங்க?" என்று ஆரம்பித்தார் காளியண்ணன்.

"சிவந்த பழத்தைத்தான் பறிக்கோணும்ங்க" என்றாள் வேலம்மாள். "பச்சையைப் பறிச்சா எஸ்டேட்டுக் கணக்கு எழுதற ரைட்டர் கண்டபடி பேசுவாருங்க."

"இதைக் கத்துக்க எத்தனை நாளாச்சு?"

"அது ஆச்சுங்க, ஒரு முப்பது வருச..."

ஆரோக்கியசெல்வி இருமினாள்.

"மூணு மாசம்ங்க" என்றாள் வேலம்மாள்.

காளியண்ணன் முதலில் தன் ஆதார் எண்ணைத் தட்டித் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. மெஷினில் கோளாறு இல்லை. அடுத்து வேலம்மாளின் எண்ணைத் தட்டினார். அவள் விரலை வைத்தாள். சிவப்பு. ஆரோக்கியசெல்வி நம்ப முடியாமல் எட்டிப் பார்த்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தாள். மறுபடியும் சிவப்பு. அடுத்து பூவாயி, சிவப்பு. மாதம்மாள், குப்பாயி என்று இருபதாவது விரல் வரைக்கும் சிவப்பே எரிந்தது.

காளியண்ணன் வேலம்மாளின் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தார். நுனி மெருகு போட்டது மாதிரி வழவழவென்று இருந்தது. நிமிர்ந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஏ.சி. ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு உங்களையெல்லாம் சந்தேகப்பட்டுட்டேன்."

இருபது சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போட்டார். 'உழைத்துத் தேய்ந்த விரல்களை எந்த இயந்திரமும் அறியாது' என்று அறிக்கையில் எழுதினார். அந்த வரி அவருக்கே மிகவும் பிடித்துப்போக, இரண்டு தரம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் ஆரோக்கியசெல்வி பெஞ்சில் சாய்ந்து அழுதுவிட்டாள். வாய்க்கு வந்த பொய் என்று நினைத்தாளே, அது நிஜமாக இருந்திருக்கிறது. ரேகையே தேய்ந்து போகிற அளவுக்கு உழைத்தவர்களுக்கு நாம் பாடம் எடுக்க உட்கார்ந்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அக்கா, உங்க கையெல்லாம் இப்படியா தேஞ்சு கெடக்குது? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே..."

"அட, அழுகையை அப்பறம் வெச்சுக்கலாம் கண்ணு" என்றாள் வேலம்மாள், கட்டைவிரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே. "ஊட்டுல இருந்து கொஞ்சம் தேங்காண்ணெ கொண்டாங்க. வெரல்ல தடவிக்கிட்டு வந்த பலாப்பாலு எண்ணெ போட்டாத்தான் போவும். நாலு மணிக்குள்ள ரேஷன் கடைக்குப் போயி நாங்க எல்லாரும் ரேகை வெக்கோணும்."