நீலச் சட்டை

திரையில் கொலைகாரனைப் போலீஸ் சுட்டதும், பனியன் கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளில் விசில் பறந்தது. ஒச்சாயி மட்டும் அழுதாள்.

"ஏனுங்க அக்கா, அந்தப் பாவிக்கா அழுவறீங்க?" என்றாள், கூட வேலை செய்யும் சித்ரகலா.

"நாவல்ல அவன் நல்லவன்தானே?"

"ஆமாங்க. பழைய படத்துலயும் நல்லவன்தானுங்க. இந்த ரீமேக்குலதான் மாத்திப்போட்டாங்க."

"எங்கிட்டயும் நல்லவன்னுதான் சொன்னாக."

"யாருங்க?"

"நம்ம கம்பெனியில இந்தப் படம் எடுக்க வந்தவுக. புதுச் சட்டை எடுபடலை, ஒழைச்சவன் போட்ட சட்டை வேணும்னாக. எம்மவன் பாண்டித்துரை சட்டையக் குடுத்தேன். வேர்வை வாடை போயிரக்கூடாதுன்னு துவைக்காம வெச்சிருந்தது."

சித்ரகலா திரையைப் பார்த்தாள். நீலச் சட்டை ரத்தத்தில் கிடந்தது. விசில் இன்னும் அடங்கவில்லை.

"எம்மவன் செத்தன்னைக்கு இவுக அம்புட்டுப் பேரும் அழுதாக, தாயி" என்றாள் ஒச்சாயி.