சுவரைப் பார்த்த பெஞ்சு

பூங்காவை வடிவமைத்த மங்கையர்க்கரசி புல்வெளியில் பாதை எதுவும் போடவில்லை. ஜனங்கள் நடந்து நடந்து எங்கே தடம் விழுகிறதோ அங்கே கல் பதிக்கலாம் என்று விட்டிருந்தாள். மழைக்காலம் முடிந்து வந்து பார்த்தபோது மற்றத் தடமெல்லாம் வாசலுக்கோ ஊஞ்சலுக்கோ போனது. ஒன்று மட்டும் மூலையில் மதிற்சுவர் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை வந்து காத்திருந்தாள். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் அந்தத் தடத்தில் போய், சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அங்க என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வீட்டுல அழ இடமில்ல. இங்கயும் பெஞ்செல்லாம் எதிரெதிரா போட்டுட்டாங்க."

நாலு பேர் பேசிப் பழகட்டும் என்று அப்படிப் போடச் சொன்னதே மங்கையர்க்கரசிதான். அந்த வாரமே ஒரு பெஞ்சைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட வைத்தாள்.

"தப்பா இருக்கே மேடம்?" என்றார் மேஸ்திரி.

"இருக்கட்டும்ணே."

பிறகொரு சாயங்காலம், யாராவது வருகிறார்களா என்று பார்க்கப் போனாள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அந்தப் பெஞ்சில் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பார்த்துவிட்டு வரப் போனவள் உட்கார்ந்துவிட்டாள்.