மடைப்பலகை

"புழுவெல்லாம் செத்துப்போச்சு அண்ணி! இனியும் தண்ணியை வடிய விடாட்டில் செடியும் அழுகிச் செத்துப்போகும்!"

"சாகட்டும்! பலகையில கை வைச்சியோ, உன்னையும் உதுக்குள்ள தள்ளுவன்!"

பிராண்டே ஊரில் எங்கள் பக்கத்துக் கிரான்பெரிப் பழத் தோட்டத்தில் பிலோமினாவுக்கும் கொழுந்தன் அம்புறோசுக்கும் சண்டை. சண்டை என்றால் எனக்கும் வேலியோரம் ஏதாவது வேலை வந்துவிடும். வசந்தத்தில் வயலில் தண்ணீர் கட்டிப் புழுக்களை மூழ்கடித்து, பிறகு மடைப்பலகையைத் தூக்கி வடியவிடுவது அவள் கணவன் எமிலியானின் வழக்கம். அவன் குளிர்காலத்தில் இறந்துவிட்டான். உயிரோடிருந்தபோது அவனிடமும் அவளுக்கு இதே குரல்தான்.

"அங்கை பார், உன்ரை அண்ணை நிக்கிறார்" என்றாள்.

கரையில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் மட்டும் எமிலியானின் உருவம் தலைகீழாகத் தெரிந்தது. குனிந்து, மடைப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். பலகை அசையவில்லை.

பிலோமினா வெகுநேரம் பார்த்தாள். "செடியெண்டால் உங்களுக்கு உயிர்" என்று முணுமுணுத்து, தானே பலகையைத் தூக்கினாள். தண்ணீரோடு அவனும் வடிந்துபோனான்.

அடுத்த வசந்தத்தில் அம்புறோஸ் மறுபடி தண்ணீர் கட்டினான். விடுவேனா, எட்டிப் பார்த்தேன். வானம் மட்டுமே தெரிந்தது. அந்தக் கோடையில் அவன் ஹோர்சன்ஸ் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டினான். பிலோமினா காய் பழுக்கும்வரைகூட நிற்காமல், பலகையைத் தூக்கிய வருடமே கோப்பன்ஹேகனுக்குப் போய்விட்டாள்.