கருப்பட்டியின் கழுத்துப்பட்டை

கருப்பட்டி என்ற கரடியின் கழுத்துப்பட்டையில் பச்சை விளக்கு எரிந்ததும் அந்த விலங்குப் பூங்காவே கைதட்டியது. மாட்டியிருக்கும் உயிருக்கு இருக்கும் இடம் பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. பூங்காவுக்குள் ஒரு பட்டை சிவந்தாலும் டிக்கெட் வாசல் திறக்காது, சட்டம் அப்படி.

கொத்தனார் பூமயிலுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஜினியர் தேவசகாயம் கட்டச் சொன்ன சிமெண்டுக் குகையில் மூன்று வாரம் சிவப்புதான் எரிந்தது. அதை இடித்து, மேற்கு வெயில் படாமல் கனத்த மண்சுவர் எழுப்பியவள் அவள்தான். தகரக் கொட்டகையில் வேகிறவளுக்கு வெயில் வரும் திசை தெரியாதா?

திறப்பு விழாவன்று காலையில் வாசல் திறக்கவில்லை. வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தேவசகாயம் கூண்டு கூண்டாக ஓடிப் பார்த்தார், எல்லாம் பச்சை. கடைசியில், பின்கோடியில் இருந்த வேலையாட்களின் தகரக் கொட்டகைக்கு வந்தார். கருப்பட்டியின் மாற்றுப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பூமயில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பட்டை செக்கச்செவேலென்று எரிந்தது.

"ஏம்மா, அது மிருகத்துக்கு உள்ளதும்மா! கழட்டு!"

"கழட்டுறேன் சார். நீங்க மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் உள்ள உக்காருங்க. பச்சை எரிஞ்சா நான் வாயே தொறக்கல."

தேவசகாயம் உள்ளே தலையை நீட்டினார். காலை எட்டு மணிக்கே அனல் முகத்தில் அடித்தது. நீட்டிய தலையை இழுத்துக்கொண்டார்.

"சரி, என்னதான் செய்யணும்ங்கற?"

"கருப்பட்டிக்குப் போட்ட அதே பிளான்தான் சார். மண்ணு லாரி உள்ள வரட்டும், கழட்டித் தர்றேன்."