வாசலில் சிக்கிய பை

எலி குப்பண்ணனுக்குக் கடலைப் பார்க்கணும் என்று மூணு வருஷ ஆசை. வருஷா வருஷம் திட்டம் போடுவார், போகமாட்டார். இந்தத் தடவை கடலோர உப்பளத்துக்குப் போகும் உப்பு லாரி காலை ஆறு மணிக்குக் கிளம்புவது உறுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தவளை முத்தரசி அஞ்சரைக்கே லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் சாமான் எதுவும் இல்லை.

வளைக்குள்ளே குப்பண்ணன் இன்னும் புதுச் சணல் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் பயணத்துக்கு எதுக்குங்க ஒரு வாரச் சோளம்?" என்றாள் மனைவி வடிவு.

"எதுக்கும் இருக்கட்டும்டி."

குளிரடித்தால் என்று பஞ்சு வைத்தார். கொறிக்க எதுவும் கிடைக்காவிட்டால் என்று ஒரு பழைய செருப்பு. அது தீர்ந்துவிட்டால் என்று அதன் ஜோடி.

பையை இழுத்து வந்து வாசலில் தள்ளினார். பாதி போனது, அப்புறம் அசையவே இல்லை. பை வாசலில், அவர்கள் உள்ளே.

"அண்ணே, லாரி உறுமுது! சீக்கிரம்!" என்று வெளியே முத்தரசி கத்தினாள்.

"பையைக் கடிச்சுக் கிழிங்களேன்! நீங்க எலிதானே?" என்றாள் வடிவு.

"புதுப் பைடி! நல்லா இருக்கிறதை யாராவது கிழிப்பாங்களா?"

லாரி போய்விட்டது. சத்தம் அடங்கும்வரை குப்பண்ணன் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தப்பு எங்கேன்னு புரிஞ்சுபோச்சு வடிவு," என்றார் கடைசியில். "அடுத்த வருஷத்துக்குள்ள வாசலைப் பெருசாத் தோண்டிடணும்."