வாங்கித் தந்த மாத்திரை

ஜெபகனியின் ரவிக்கைக் கொக்கிகளை எபனேசர் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். லேத் பட்டறையில் இரும்பு பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். மனைவிக்கு வலித்துவிடுமோ என்று அவை பயந்து பயந்து நகர்ந்தன.

"கைய பைய நீட்டு. போதும், போதும். வலிக்குதா?"

"இல்ல."

அக்காவைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த டார்லின் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தானை அவளுக்குக் கல்யாண நாளிலிருந்தே தெரியும். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர். வயிற்றுப் பிள்ளை கலைந்து அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேட்டைப் பட்டறையில் அவசர வேலை என்று எட்டிப் பார்க்காதவர்.

டார்லினைக் கண்டதும் எபனேசரின் கண் கலங்கியது.

"ஒங்க அக்காவ நாந்தாம்மா இப்படி ஆக்கிட்டேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெபகனிக்கு மாதவிலக்கு நின்றது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது, தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. "ஒன்கூட மனுசன் இருக்க முடியுமா?" என்று கத்திய எபனேசர், ஒரு டாக்டரிடம் அழைத்துப்போய் ஹார்மோன் மாத்திரை வாங்கித் தந்தார்.

மாதங்கள் போயும் வேர்வையில் அவள் நைட்டி நனைவது நிற்கவில்லை. "மாத்திரை போட்டும் இந்தக் கூத்தா?" என்று அதற்கும் எரிந்து விழுந்தார்.

அப்புறம்தான் விரல்கள் வீங்கின. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குகிற முடக்குவாதம் என்றார் பெரிய டாக்டர். ஹார்மோன் மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டார். ஜெபகனி வாய் திறப்பதற்குள் எபனேசர் முந்திக்கொண்டு, "ஆமா, நாந்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

"அந்த மாத்திரை எடுத்தவங்களுக்கு இந்த மாதிரி நோய் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா இவங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

எபனேசரின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

அன்றோடு மனிதர் மாறிப்போனார். மத்தியானமே பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து சமைத்தார். இட்லியைப் பிட்டு ஊட்டினார். கல்யாணமான புதிதில் அவள் கெஞ்சியும் கூட்டிப்போகாத மணிமுத்தாறு அருவிக்கு வண்டி பிடித்து, அவளைத் தோளில் சாய்த்துப் படியேற்றிக் காட்டினார். ஜெபிக்க உட்கார்ந்தால் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கோவில்ல ஆராதனைக்கு நேரமாச்சு, ஆட்டோ பிடிச்சிட்டு வாரேன்" என்று டார்லினிடம் சொல்லிவிட்டு எபனேசர் தெருவுக்குப் போனார்.

டார்லின் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான் பாதியா உருகிப் போயிட்டாவ. அதனாலதான்னு டாக்டரே சொல்லலியே. 'ஒங்க தப்பு இல்ல'ன்னு நீ ஒரு வார்த்த சொன்னா என்னக்கா?"

ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் போகிற ஆட்டோவை எல்லாம் கைகாட்டி நிறுத்தப் பார்க்கும் கணவரை ஜெபகனி பார்த்தாள்.

"இத்தன வருசத்துல இந்த மனுசன் என் கையத் தொட்டுப் பேசுனதில்லட்டி. உள்ளதச் சொன்னா, நாளைக்கே பழைய ஆளா மாறிருவாவ."

"உள்ளதுன்னா?"

மடங்காத விரல்களால் ஜெபகனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மாத்திரைல ஒண்ணுகூட நான் முழுங்கலட்டி."