பத்தாவது புள்ளி

"மூளை ஸ்கேன் படத்துல புதுசா ஒண்ணும் இல்லம்மா. போன வருஷம் பாத்த அதே ஒன்பது புள்ளிதான். மறதியெல்லாம் நீங்களா நெனச்சுக்கிறது" என்றார் டாக்டர்.

மாஸ்டரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே ஆஸ்பத்திரியின் தையல் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறவள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவள் மூளை நரம்பின் உறையைத் தின்கிறது. வேலியே பயிரை மேய்கிற நோய். கால் மரத்தது, கண் மங்கியது. அதற்கெல்லாம் படத்தில் புள்ளி இருந்தது, எல்லோரும் நம்பினார்கள். அளவெடுத்துத் திரும்புவதற்குள் அளவு மறந்துபோகிறதே, அதற்கு மட்டும் புள்ளி இல்லையாம். அதனால் நோயும் இல்லையாம். நன்றாயிருக்கிறது நியாயம்!

அவள் கேட்டது ஒரு சீட்டு. மறதி நோயால் வந்தது என்று இரண்டு வரி. அது இருந்தால் பொத்தான் தைக்கிற மேஜைக்கு மாற்றுவார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடிக்கிறாள் என்று சூப்பர்வைசர் ஏற்கனவே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

டாக்டர் தன் புதுக் கோட்டின் வலது கையை இழுத்துவிட்டுக்கொண்டார். இது நாலாவது தடவை.

கோபத்திலும் கண் தொழிலை விடுமா? அவள் பார்த்தாள். தோளோடு சேருமிடத்தில் முன்பக்கம் வரவேண்டிய ஆழமான வளைவு முதுகுப்பக்கம் போயிருந்தது. அட பாவிகளா, இரண்டுமே இடது கை!

எந்தத் தூங்குமூஞ்சி வெட்டியது இதை? நேற்று சேர்ந்தவள்கூடச் செய்யமாட்டாளே! இந்த லட்சணத்தில் இருப்பவர்களை வைத்துக்கொண்டு என்னைத் துரத்துவார்களாம்.

"சத்து மாத்திரை எழுதறேன்" என்று டாக்டர் கீழ் டிராயரில் சீட்டுப் புத்தகத்தைத் தேடிக் குனிந்தார். கழுத்துப்பட்டை தூக்கிக்கொண்டது.

தப்பு வந்தால் ஆள் தெரிய வேண்டும் என்று, வெட்டுகிற ஒவ்வொருவரும் பட்டையின் உள்ளே தன் நிறத்து நூலில் மூன்று தையல் போடுவது கூடத்து வழக்கம்.

பச்சை நூல்.

கூடத்தில் பச்சை ஒருத்திக்குத்தான்.

மாஸ்டரக்கா எவ்வளவு யோசித்தும் அந்தக் கோட்டை வெட்டியது ஞாபகம் வரவில்லை. வெளியே சொன்னால் இருபத்தாறு வருஷத்து மானம் போகும். சொல்லாவிட்டால் சத்து மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம்.

"மாத்திரை கிடக்கட்டும் டாக்டர். நீங்க போட்டிருக்கிற கோட்டுல ரெண்டுமே இடது கை. வெட்டினது நான். கழுத்துல பச்சை நூல் இருக்கு, பாருங்க. எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல. இது எந்தப் படத்துல இருக்கு, சொல்லுங்க!"

டாக்டர் திரையைப் பார்த்தார். தன் வலது தோளைப் பார்த்தார்.

பிறகு பேனாவை எடுத்து, அவள் கேட்ட அந்த இரண்டு வரியை எழுதக் கை நீட்டினார். முதுகில் கோட்டு பிடித்து இழுத்தது.